முன்சக்கர வண்டியில ஓட்டி ரசிச்சது எது? ஓட்டினவங்க மட்டும் சொல்லுங்க

#1 ஆழியாறு_ஐகான் (பொள்ளாச்சி)

போன வாரம் எங்க பெரியப்பா பையன் சென்னையில இருந்து பீஎம்டபிள்யூ 3 சீரீஸ்ல வந்திருந்தான். காலையில டீக்கடை முன்னாடி என் வண்டியைச் சுத்தி ஒரு சுத்து வந்தான். "பங்காளி, முன்னாடி இழுக்கறதெல்லாம் பால் வண்டிடா. ஓட்டறதுன்னா பின்னாடி இருந்து தள்ளோணும்"னு சொன்னான். அப்போ சிரிச்சுட்டு விட்டுட்டேன். மூணு நாளா மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்குது.

என்கிட்ட இருக்கறது 2003 மாடல் ஃபோர்டு ஐகான் 1.6 பெட்ரோல். மறைமலை நகர்ல செஞ்சது. 'ஜோஷ் மெஷின்'னு விளம்பரம் வந்த காலத்துல நான் பாலிடெக்னிக் பையன், போஸ்டரைத்தான் பார்க்க முடிஞ்சுது. 2012-ல ஒரு மில்லுக்காரர்கிட்ட இருந்து வாங்கினேன். அன்னையில இருந்து மாசத்துக்கு ரெண்டு தடவையாவது ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வால்பாறை ஏறிட்டு வந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். 40 கொண்டை ஊசி. பெரும்பாலும் ரெண்டாவது கியர், நடுவுல கொஞ்சம் மூணாவது. ஸ்பீடோமீட்டர்ல 50, 60 தாண்டாது. ஆனா ஸ்டீயரிங் பேசும் பாருங்க! பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங். வளைவுல மண்ணு கிடந்தா மண்ணுன்னு சொல்லும். வெள்ளைக் கோட்டுப் பெயிண்ட் மேல சக்கரம் ஏறினாக்கூட உள்ளங்கைக்குத் தெரியும்.

கேள்வி இதுதான். முன்சக்கர வண்டியில, அதாவது எஞ்சின் முன்சக்கரத்தைச் சுத்தி இழுக்கற வண்டியில, நீங்க ஓட்டி ரசிச்சது எது, ஏன் ரசிச்சீங்க? யூட்யூப் பார்த்துட்டு வந்து யாரும் சொல்ல வேண்டாம். குதிரைத்திறன் பட்டியலும் வேண்டாம். பங்காளி தீபாவளிக்கு மறுபடி வர்றான், எனக்குப் பதில் வேணும்.

#2 பழைய_ஜென் (சேலம்)

மாருதி ஜென். 1993-ல வந்த முதல் உருவம், 993 சிசி, 50 குதிரை. எடை 800 கிலோவுக்கும் கீழே. ஏற்காடு 20 கொண்டை ஊசிக்கும் அதுவே போதும். மத்ததெல்லாம் ஆடம்பரம்.

பங்காளிகிட்ட ஒண்ணு கேளுங்க: அம்பாசிடரும் பின்சக்கரம் தள்ளுற வண்டிதானே, அதுல என்ன கிறக்கம் இருந்துச்சாம்?

#3 புது_லைசென்ஸ் (தஞ்சாவூர்)

தப்பா நினைக்காதீங்க அண்ணே. எல்லாரும் அண்டர்ஸ்டியர் அண்டர்ஸ்டியர்னு சொல்றாங்களே, அது என்ன? நான் ஓட்டறது அப்பாவோட ஆல்ட்டோ. தஞ்சாவூர்ல வளைவே இல்ல.

#4 அலைன்மெண்ட்_அண்ணாச்சி (திருநெல்வேலி)

தம்பி, புரியும்படியா சொல்லுதேன். முன்சக்கர வண்டியில முன்னாடி இருக்க ரெண்டு டயருக்குத்தான் அத்தனை வேலையும். இழுக்கதும் அதுதான், திருப்புததும் அதுதான். பிரேக் பிடிச்சா பாரம் பூரா வந்து உக்காருததும் அது மேலதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் அதே இடத்துல கெடக்கா, வண்டி எடையில நூத்துக்கு அறுபதுக்கு மேல முன்னாடி. பின் டயர் ரெண்டும் கல்யாணத்துக்கு வந்த ஒண்ணுவிட்ட சித்தப்பா மாதிரி, சும்மா கூட வரும்.

டயருக்குப் பிடின்னு ஒரு அளவு உண்டு. வளைவுக்கு நடுவுல ஆக்சிலரேட்டரை மிதிச்சு அந்தப் பிடியை இழுக்கதுக்கே செலவழிச்சிட்டியன்னா, திருப்ப மிச்சம் இருக்காது. நீங்க ஸ்டீயரிங்கை ஒடிச்சுக்கிட்டேதான் இருப்பிய, வண்டி மூக்கு நேரா வெளியதான் போவும். அதுதான் அண்டர்ஸ்டியர். மருந்து லேசு: நேரா இருக்கும்போதே பிரேக்கை முடிச்சிரணும், அப்புறம் திருப்பணும், வழி தெரிஞ்ச பிறவுதான் மிதிக்கணும்.

இருபது வருசமா டயர் கடை வச்சிருக்கேன். வண்டியை யாரு எப்பிடி ஓட்டுதாவன்னு டயரே சொல்லிரும். முன் டயரோட வெளித்தோளு உருண்டையா, வழவழன்னு தேஞ்சிருந்தா அந்த ஆளு வேகமா உள்ள போயிட்டு அப்புறமா ஒடிக்கவரு. அதே தோளைக் கையால குறுக்க தடவும்போது ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பம் மாதிரி பிராண்டுச்சுன்னா ஆளு மேல தப்பில்ல, டோ கோணம் (மேல இருந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்க அளவு) தப்பு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம அலைன்மெண்ட் பண்ணிக்கிட்டே இருப்பாவ, காசுதான் நட்டம்.

எனக்குப் பிடிச்சது 2005-ல வந்த ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல். மாஞ்சோலைக்கு அதுலதான் ஏறுவேன். ரோடு மோசம், அது வேற கதை. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க: கம்பெனி கொடுத்த அளவை விட்டுட்டு அகலமா 17 இஞ்ச் அலாய் மாட்டிட்டு வந்து "அண்ணாச்சி, ஸ்டீயரிங் செத்துப் போச்சு"ங்காவ. கொன்னது யாரு வே?

#5 லெஸ்டர்_பெடியன் (இங்கிலாந்து)

வணக்கம். நான் பருத்தித்துறை, இப்ப இருபது வருசமா இஞ்சதான். இந்தக் கதையை ஐகான் அண்ணை துவங்கினது எனக்குச் சரியான சந்தோசம், ஏனெண்டால் அந்த ஐகானும் எங்கட பழைய ஃபியெஸ்டாவும் ஒரே வயித்துப் பிள்ளையள்.

முதல் அப்பாட மினியைச் சொல்லோணும். ஊரில ஒரு மொரிஸ் மினி வைச்சிருந்தவர். 10 இஞ்ச் சில்லு, ஸ்பிரிங்குக்குப் பதிலா ரப்பர் கூம்பு. 1959-ல அலெக் இசிகோனிஸ் எண்டவர் எஞ்சினைக் குறுக்க வைச்சு, கியர்பாக்ஸை அதுக்குக் கீழ எண்ணெய்த் தொட்டிக்குள்ளயே செருகி விட்டவர். இண்டைக்கு நீங்கள் ஓட்டுற சின்னக் கார் எல்லாத்திலயும் எஞ்சின் குறுக்கத்தான் கிடக்குது, அதை உலகம் முழுக்கப் பரப்பினது மினிதான். அந்தக் குட்டிக் கார் மொண்டி கார்லோ ராலியை 1964, 1965, 1967 எண்டு மூண்டு தரம் வெண்டது. 1966-லயும் முதல் மூண்டு இடமும் மினிதான் வந்தது. ஹெட்லைட் விதியைச் சொல்லி விலக்கிப் போட்டினம். அப்பா அதைத் தனக்கு நடந்த அநியாயம் மாதிரித்தான் கடைசி வரைக்கும் கதைச்சவர்.

இஞ்ச வந்தாப்பிறகு மாமாட்ட ஒரு பெஜோ 205 ஜிடிஐ இருந்தது, 1.9. 130 குதிரை, எடை 900 கிலோ அளவுதான். என்னை ஓட்ட விட முதல் பக்கத்தில இருத்திச் சொன்னது ஒண்டே ஒண்டு: "வளைவுக்குள்ள போனாப்பிறகு பயந்து காலை எடுத்தியோ, பின்பக்கம் உன்னை முந்தும்." பகிடி எண்டு நினைச்சன். ஒருநாள் வேல்ஸ் மலைப்பக்கம் ஈர ரோட்டில காலை எடுத்தன். பாரம் முழுக்க முன்னுக்கு வந்திட்டுது, பின் சில்லு ரெண்டும் லேசாகிப்போட்டுது. குண்டி அப்பிடியே வெளிய வருது. மாமா அசையேல்லை. "இப்ப மிதி" எண்டார். மிதிச்சன், முன்சில்லு இழுத்து நேராக்கிச்சுது. அண்டைக்குத்தான் விளங்கினது, முன்சில்லுக் காரில வளைவைத் திருப்புறது கை மட்டும் இல்லை, வலது காலும் எண்டு.

இப்ப என்னட்ட இருக்கிறது 2013-ல வந்த உருவத்து ஃபியெஸ்டா எஸ்டி, 1.6 டர்போ, மூண்டு கதவு. சந்தியில சுத்துவட்டம் வந்தால் உள்பக்கத்துப் பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பும், நாய் காலைத் தூக்கிற மாதிரி. முதல்தரம் பின்னால வந்த சிநேகிதன் போன் எடுத்துச் சொன்னவன், உன்ர காருக்கு என்னவோ நடந்து போச்செண்டு. ஒண்டும் நடக்கேல்லை. அது வடிவா வேலை செய்யுது எண்டதுக்கு அடையாளம். 2023 ஜூலையோட ஃபியெஸ்டாவையே நிப்பாட்டிப் போட்டினம். நான் இதை விக்க மாட்டன்.

#6 ஆழியாறு_ஐகான் (பொள்ளாச்சி)

லெஸ்டர் தம்பி, உங்க மாமா சொன்னதை எனக்குச் சொல்ல ஆள் இல்லை. நானாத்தான் கத்துக்கிட்டேன், செலவோட.

2013 ஜூன். அட்டகட்டி தாண்டி தேயிலைக் காடு ஆரம்பிக்கற இடம். சாரல் விழுந்துட்டே இருக்குது. இடது பக்கம் மடங்கற வளைவு ஒண்ணு, நான் நினைச்சதை விட இறுக்கம். பாதியில புரிஞ்சுது, காலை வெடுக்குன்னு எடுத்தேன். அவ்வளவுதான். கண்ணாடிக்கு முன்னாடி ரோடு இருந்த இடத்துல தேயிலைச் செடி. அப்புறம் பாறை. அப்புறம் மறுபடி ரோடு, ஆனா நான் வந்த திசையில. வண்டி பின்னாடியே போயி ஓடைக்குள்ள ஒரு சக்கரத்தை விட்டுட்டு நின்னுது. எதிர்ல எதுவும் வரலை. வந்திருந்தா இந்த இழை இருக்காது.

எஸ்டேட் லாரிக்காரர் ஒருத்தர் கயிறு போட்டு இழுத்து விட்டார். காசு வாங்கலை. "பயத்துல கால எடுத்தீங்களாக்கும்?"னு மட்டும் கேட்டார். லாரி ஓட்டறவருக்குக்கூடத் தெரிஞ்சிருக்குது!

#7 பின்னால_தள்ளு (பெங்களூரு)

பங்காளி சொன்னதுல பாதி உண்மை இருக்குங்க, எல்லாரும் சேர்ந்து அவரை அடிக்காதீங்க. ஜென், மினி எல்லாம் சரி. சக்தி குறைவு, அதனால பிரச்சனை வெளியே தெரியறதில்லை. 250 நியூட்டன் மீட்டர் டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, முன்சக்கரத்துக்கு அனுப்பிப் பாருங்க. நண்பனோட டர்போ செடான்ல சிக்னல்ல இருந்து முழுசா மிதிச்சேன், ஸ்டீயரிங் என் கையைப் பிடிச்சு ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகுது. இதை ரசனைன்னு சொன்னா எப்படி? திருப்பற சக்கரத்துக்குத் திருப்பற வேலை மட்டும் கொடுத்தா கை சுத்தமா இருக்கும். பின்சக்கர வண்டியோட சுகமே அதுதான். ஒருமுறை நல்ல பின்சக்கர வண்டி ஓட்டிட்டா அப்புறம் உங்க ஐகான் ஸ்டீயரிங் பேசறது புலம்பல் மாதிரி கேட்கும்.

#8 டிரைவ்ஷாஃப்ட் (ஓசூர்)

இது என் பொழைப்பு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

தள்ளு சார் சொல்றது டார்க் ஸ்டியர். எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கு, கியர்பாக்ஸ் அதோட ஒரு ஓரத்துல. அதனால ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கற டிஃபரென்ஷியல் வண்டியோட நட்ட நடுவுல இருக்காது. அங்கிருந்து சக்கரத்துக்குப் போற தண்டு, அதான் டிரைவ்ஷாஃப்ட், ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நீளம். வேகமா மிதிச்சு மூக்கு தூக்கும்போது ரெண்டோட கோணமும் ஒரே மாதிரி இருக்காது, முறுக்கலும் ஒண்ணா இருக்காது. அதோட விளைவு ஸ்டீயரிங்ல வந்து நிக்கும். நீளமான பக்கத்துல நடுவுல ஒரு துண்டு ஷாஃப்ட் போட்டு ரெண்டு பக்கமும் சம நீளம் பண்றது பழைய வைத்தியம். நிறைய வண்டியில இருக்கு.

அடுத்த வைத்தியம் சஸ்பென்ஷன்ல. சாதா ஸ்ட்ரட்ல (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) சக்கரம் திரும்பற அச்சு சக்கரத்தோட மையத்துல இருந்து ரொம்ப உள்ளே தள்ளி இருக்கும். அந்த இடைவெளிதான் நெம்புகோல், டார்க் அதைப் பிடிச்சுத்தான் ஸ்டீயரிங்கை இழுக்குது. திரும்பற பாகத்தை ஸ்ட்ரட்ல இருந்து தனியாப் பிரிச்சு, அச்சை வெளியே சக்கரத்துப் பக்கமாக் கொண்டு வந்துட்டா நெம்புகோல் குட்டையாயிடும். 2009 ஃபோர்டு ஃபோக்கஸ் ஆர்எஸ்-ல 'ரெவோநக்கிள்'னு அதைத்தான் பண்ணாங்க, 300 குதிரையை முன்சக்கரத்துல மட்டும் இறக்கினாங்க. ஹோண்டா சிவிக் டைப் ஆர்-லயும் அதே தத்துவம். அந்த வண்டி 2023-ல 20.832 கிலோமீட்டர் நுர்பர்கிரிங் சுற்றை 7 நிமிடம் 44.881 விநாடியில முடிச்சுது. பால் ஊத்தற வேகம் அது இல்லை.

மூணாவது, எல்எஸ்டி, அதாவது லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல். சாதா டிஃபரென்ஷியல்ல வளைவுல உள்பக்கச் சக்கரம் லேசானதும் அது சும்மா சுத்தி வீணாகும், வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் அதே அளவு டார்க்தான் போகும். ஹெலிகல் எல்எஸ்டி இருந்தா பிடி இருக்கற சக்கரத்துக்குக் கூடுதலாப் போகும். வெளிப்பக்கம் இழுக்க இழுக்க வண்டி மூக்கை உள்ளே திருப்பிக்கும். மிதிச்சா அண்டர்ஸ்டியர்ங்கற அண்ணாச்சி கணக்கு அங்கே தலைகீழாயிடும். 1995-ல வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் இதுக்குப் பெரிய உதாரணம். டர்போ இல்லாம 1.8 லிட்டர்ல ஜப்பான் மாடலுக்கு 200 குதிரை, போர்ட்டெல்லாம் கையால தேய்ச்சது, முன் கண்ணாடியைக்கூட மெலிசாக்கி எடை குறைச்சாங்க. ஜப்பான்ல வேலை பார்த்தப்ப அதை ஒரு மணி நேரம் ஓட்டினேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இந்த இழையில பேசத் தகுதி இருக்குன்னு நினைக்கறேன்.

இன்னொண்ணு, தள்ளு சாருக்கு. கையாளுமைக்குப் பேர் போன லோட்டஸ் கம்பெனியே 1989-ல எலான் வண்டியை முன்சக்கரத்துல செஞ்சுது, இசுசு எஞ்சின் வச்சு.

#9 பின்னால_தள்ளு (பெங்களூரு)

ஆமா, அதுக்கப்புறம் 1996-ல எலிஸ் செஞ்சாங்களே, எந்தச் சக்கரத்துல?

#10 டிரைவ்ஷாஃப்ட் (ஓசூர்)

சரி சார். ஒரு புள்ளி உங்களுக்கு.

#11 ஈப்போ_சத்ரியா (மலேசியா)

லோட்டஸ் பேரு வந்துருச்சுல்ல, அப்ப நான் வராம எப்படி லா.

புரோட்டான் சத்ரியா ஜிடிஐ. 1996-ல புரோட்டான்தான் லோட்டஸை வாங்குச்சு. வாங்குனதுக்கு எங்களுக்குக் கிடைச்ச பங்கு இந்த வண்டி. மிட்சுபிஷி 1.8 எஞ்சின், பின்னாடி மல்டிலிங்க் சஸ்பென்ஷன், உடம்புல 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்'னு ஒரு சின்ன எழுத்து. அந்த எழுத்தை மட்டும் தனியா வாங்கிச் சாதா வண்டியில ஒட்டிக்கிட்டுத் திரியுற பசங்க எங்க ஊர்ல நிறைய.

சிம்பாங் பூலாய் பக்கமா கேமரன் மலை ஏறுற ரோடு அகலம், வளைவெல்லாம் நீட்டு வளைவு, கொண்டை ஊசி இல்ல. அதுல மூணாவது கியர்லயே வச்சு ஏறணும். வளைவுல மேடு பள்ளம் வந்தாலும் பின்னாடி குதிக்காது, உக்காந்தபடியே போகும். என் தங்கச்சி புருஷன் புது வண்டி வச்சிருக்காரு, வேகமும் கூட. ஆனா மலை ஏறுறப்ப சாவியை மாத்திக்கலாமான்னு அவருதான் கேக்குறாரு.

#12 கொடை_ஞாயிறு (மதுரை)

இந்தப் பக்கம் பொம்பளைங்க யாரும் எழுதலையே, நான் எழுதறேன்.

எனக்கு எல்எஸ்டி எல்லாம் தெரியாது. பேங்க்ல வேலை, ஞாயித்துக்கிழமை வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல். போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். 2022-ல இந்தியாவுல போலோவையே நிறுத்தப் போறாங்கன்னு தெரிஞ்சதும், வீட்டுல எல்லாரும் எஸ்யூவி எஸ்யூவின்னு சொல்ல, நான் இதைத்தான் வாங்குவேன்னு வாங்கினேன். 110 குதிரைன்னு சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சது, பஸ்ஸைத் தாண்டணும்னு நினைச்சா மூணாவதுல இருந்து கியர் மாத்தாமலே தாண்டிடலாம். 175 நியூட்டன் மீட்டர் கீழேயே கிடைக்குதுல்ல, அதுதான்.

என் அளவுகோல் வேற. பின்சீட்டுல என் பொண்ணு இருப்பா, ஏழு வயசு. மலை ஏறினா வாந்தி. முதல் வருஷம் எலுமிச்சம்பழம், பாலிதீன் பை, துண்டு எல்லாத்தோடயும்தான் கிளம்புவோம். வளைவுக்குள்ள போயி பிரேக் பிடிப்பேன், திருப்பும்போதே கியர் மாத்துவேன், அவ தலை முன்னாடி பின்னாடின்னு ஆடிட்டே வரும். அப்புறம் அண்ணாச்சி சொன்னதையே நானாக் கத்துக்கிட்டேன்: நேர்ல பிரேக், நேர்லயே கியர், அப்புறம் ஒரே தடவை ஸ்டீயரிங். திருத்தம் கூடாது. திருத்தினா அவளுக்குத் தெரிஞ்சுடும். இப்போ வெள்ளி அருவி வரைக்கும் தூங்கிட்டே வர்றா. அவ எழுந்திரிக்காம நான் எவ்வளவு சுறுசுறுப்பாப் போக முடியும்ங்கறதுதான் எனக்கு விளையாட்டு. ரேஸ்காரங்க இதைக் கேலி பண்ணாதீங்க, பண்ணினா ஒருநாள் அவளைப் பின்சீட்டுல உட்கார வச்சு ஓட்டிக் காட்டுங்க.

#13 அலைன்மெண்ட்_அண்ணாச்சி (திருநெல்வேலி)

தாயி, உங்க வண்டி டயரைப் பாக்கணும் போல இருக்கு. ஒரே சீரா தேஞ்சிருக்கும்.

#14 மட்டுறுத்துநர்

நினைவூட்டல்: மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே வழி. ஆழியாறு வளைவுகளில் வரையாடு நிற்கும், நீலகிரி கல்லட்டிப் பாதையில் யானை நிற்கும். அவற்றுக்கு எல்எஸ்டி தெரியாது. வேகப் பெருமை அடிக்கும் பதிவுகள் நீக்கப்படும். (ஐகான் அவர்களின் விபத்துப் பதிவு பெருமை அல்ல என்பதால் விட்டிருக்கிறோம்.)

#15 சிட்டி_விடெக் (சென்னை)

ரோடு வேண்டாம்னா டிராக்குக்கு வாங்க. இருங்காட்டுக்கோட்டை, 3.7 கிலோமீட்டர், 12 திருப்பம்.

2000-ல வந்து 2003 வரைக்கும் இருந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 106 குதிரை. அந்தக் காலத்துல இங்கே யாரும் அந்த விலைக்கு அப்படி ஒரு எஞ்சின் கொடுக்கலை. கீழ்ச் சுற்றுல சமத்துப் பிள்ளை. ஆர்பிஎம் மீட்டர் ஊசி மேலே ஏறினதும் எண்ணெய் அழுத்தத்துல ஒரு பின் நகர்ந்து ராக்கரை உயரமான கேம் முனையோட பூட்டும், வால்வு அதிகமாத் திறக்கும், சத்தமே மாறிடும். டர்போ மாதிரி அள்ளி எறியாது, கெஞ்சிக் கேட்டாத்தான் கொடுக்கும். அந்தக் கேட்டு வாங்கறதுதான் சுகம். ஒரு கியரைச் சோம்பலா விட்டாலும் நேர்ப்பாதை முழுக்க அதுக்குத் தண்டனை.

குறை சொல்லலைன்னா நம்ப மாட்டீங்க: அஞ்சு சுற்றுக்கு மேல பிரேக் சூடாகி பெடல் ஆழமாப் போகும். அதனால நாலு சுற்று ஓட்டிட்டு அஞ்சாவது மெதுவாப் போயி ஆறப்போடுவேன். பக்கத்துல வர்றவங்க என்னாச்சுன்னு கையாட்டுவாங்க.

#16 பாலியோ_பைத்தியம் (கோவை)

பாலியோ 1.6 பேரை 15 பதிவா யாருமே சொல்லலையா? என்னங்க மன்றம் இது?

#17 பழைய_ஜென் (சேலம்)

ஃபியட்காரர் வந்துட்டார். எல்லாரும் பெட்ரோல் பங்க்கைப் பார்த்து ஒரு கும்பிடு போடுங்க.

#18 பாலியோ_பைத்தியம் (கோவை)

சிரிங்க சிரிங்க. 2001-ல 100 குதிரையை ஒரு ஹேட்ச்பேக்குல கொடுத்தது அது. மைலேஜ் கேக்கறவங்க பஸ்ல போகலாமுங்க. எடை கூடத்தான். ஆனா அந்த எடைதான் ஈரோடு பைபாஸ்ல 100-ல போறப்ப ஸ்டீயரிங்கை ஒரு விரல்கூட அசைக்காம வச்சிருக்கும். 2015-ல அபார்த் புன்ட்டோ வந்துது, 1.4 டர்போ, 145 குதிரை, அப்பவும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங். கூட்டாளிகிட்ட ஒண்ணு இருக்குது. தள்ளு சார் சொன்ன இழுப்பு அதுல உண்டு, ரெண்டாவது கியர்ல ஒரு துடி துடிக்கும். அதைக் குறைன்னு நான் சொல்ல மாட்டேன். ஜல்லிக்கட்டுக் காளை வாங்கிட்டு முட்டுதுன்னு புகார் சொல்லலாமா?

#19 புது_லைசென்ஸ் (தஞ்சாவூர்)

எல்லாரும் சொல்ற வண்டி எதுவும் இப்போ ஷோரூம்ல இல்லையே அண்ணே. நான் புதுசா வாங்கணும்னா?

#20 டிரைவ்ஷாஃப்ட் (ஓசூர்)

தம்பி, கொஞ்சம் வலிக்கற கேள்வி. ஹூண்டாய் ஐ20 என் லைன் ஒருமுறை ஓட்டிப் பார், 1.0 டர்போ. இன்னும் பணம் இருந்தா விர்ட்டஸ் 1.5, 150 குதிரை. ரெண்டுமே நல்ல வண்டி, ஆனா ஸ்டீயரிங் எலக்ட்ரிக். திரும்பும், பேசாது. பேச்சு வேணும்னா பழசுக்குத்தான் போகணும், கூடவே ஒரு நல்ல மெக்கானிக் அண்ணன் நட்பும் வேணும். இப்போதைக்கு அப்பாவோட ஆல்ட்டோவுல டயர் காத்து சரியா வச்சுக் கொல்லிமலை போயிட்டு வா. 70 கொண்டை ஊசி, எல்லாத்தையும் அதுவே சொல்லிக் கொடுக்கும்.

#21 ஆழியாறு_ஐகான் (பொள்ளாச்சி)

தீபாவளி முடிஞ்சுது. பங்காளி வந்தான். சாவியைக் கொடுத்து, நான் பக்கத்து சீட்டுல உட்கார்ந்துட்டேன்.

முதல் ரெண்டு வளைவுல அவன் வண்டி ஓட்டற மாதிரியே ஓட்டினான். உள்ளே விட்டு, பாதியிலயே மிதிக்கறான், மூக்கு வெளியே போகுது. "பார்த்தியா, பால் வண்டி!"ங்கறான். நான் ஒண்ணும் பேசலை. நாலாவது வளைவுல நேரா இருக்கும்போதே பிரேக் பிடிச்சான். அஞ்சாவதுல பிரேக்கை லேசாப் பிடிச்சுட்டே உள்ளே திருப்பினான், பின்பக்கம் ஒரு அரைச் சாண் கூடவே சுத்திக் கொடுத்துச்சு. அதுக்கப்புறம் பேச்சு நின்னு போச்சு. பாட்டை அவனே அணைச்சான். ஒன்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ, டீ குடிச்சுட்டுத் திரும்பறதாத்தான் பேச்சு. நிறுத்துடான்னேன். நிறுத்தலை. அட்டகட்டியிலதான் நிறுத்தினான்.

இறங்கி, "இன்னும் பின்னாடி தள்ளறதுதான் வண்டி"ன்னான். சரிடான்னேன். இறங்கும்போது யார் ஓட்டறதுன்னு கேட்டேன். சாவி அவன் சட்டைப் பையில இருந்துச்சு.

ஒரே வருத்தம், ஒரே நாள்ல என் முன் டயரைத் தேய்ச்சு வச்சுட்டான். அண்ணாச்சி, ரெண்டு டயரையும் படம் எடுத்துப் போட்டிருக்கேன், பாருங்க. வெளிப்பக்கம் மொழுக்குன்னு ஆயிருச்சு. பணத்தை அவன்கிட்டயே கேக்கலாமான்னு இருக்கேன்.

#22 அலைன்மெண்ட்_அண்ணாச்சி (திருநெல்வேலி)

படம் பாத்தேன். குறுக்க கையால தடவிப் பாருங்க, பிராண்டுதா?

#23 ஆழியாறு_ஐகான் (பொள்ளாச்சி)

இல்லீங்க. வழவழன்னு இருக்குது.

#24 அலைன்மெண்ட்_அண்ணாச்சி (திருநெல்வேலி)

அப்ப டோ சரியாத்தான் இருக்கு. ஒரு நாள்ல இப்பிடி உருண்டையா தேயாது வே. இது ரெண்டு மூணு வருச வேலை. உங்க பங்காளி பாவம்.

#25 ஆழியாறு_ஐகான் (பொள்ளாச்சி)

...

டயர் என்ன விலைங்க அண்ணாச்சி?